சிந்தாதிரிப்பேட்டையில் ஒரு நாள் மாமன்

என் அண்ணன் பொய் சொல்கிறார். மறந்துபோய்ச் சொல்லவில்லை, தெரிந்தே சொல்கிறார். "மெட்ராஸ்ல தாகத்துக்குத் தண்ணி குடுக்க ஆள் கெடையாது, பசியோடதான் திரும்பி வந்தோம்" என்று வில்லியனூர் சந்தையில் கேட்டவர்களுக்கும் சொல்கிறார், கேட்காதவர்களுக்கும் சொல்கிறார். அந்தப் பயணத்தில் அவருடன் போனது இரண்டே பேர். ஒருவர் என் வீட்டுக்காரர், இன்னொருத்தி நான். என் வீட்டுக்காரர் மச்சானை எதிர்த்துப் பேச மாட்டார். எனக்கு அந்த வழக்கம் கிடையாது.

வெறும் சந்தைப் பேச்சாக இருந்தால் நான் பேனாவைத் தொட்டிருக்க மாட்டேன். அந்தப் பொய்யால் இப்போது அவர் பெற்ற பெண்ணின் படிப்பு நிற்கப் பார்க்கிறது. அதனால்தான் நடந்ததை எழுதுகிறேன். கன்னியாஸ்திரீகள் பள்ளியில் ஐந்தாவது வரை படித்தவள் நான். அலங்காரமாக எழுத வராது.

ஜெர்மன்காரன் சண்டை ஆரம்பிப்பதற்கு முந்தின மாசி மாதம். எங்கள் கரிக்கலாம்பாக்கத்தில் கரும்பு வெட்டு முடிந்து எல்லோருக்கும் கொஞ்சம் மூச்சு விட நேரம் கிடைத்தது. சனி ஞாயிறு இரண்டு நாள் மெட்ராஸ் போய் நாலு பேட்டைகளைப் பார்த்து, ஓட்டல்களில் சாப்பிட்டு வரலாம் என்று என் வீட்டுக்காரரை நச்சரித்தேன். எனக்கு ஓட்டல் காப்பி குடிக்க வேண்டும் என்று வெகுநாள் ஆசை. அண்ணன் கேள்விப்பட்டதும், "நீங்க ரெண்டு பேரும் போனா காணாமப் பூடுவீங்க. எனக்கு மெட்ராஸ் தண்ணி பட்ட பாடு" என்று கூடவே கிளம்பிவிட்டார். அவர் அதற்கு முன்பு போனது ஒரே முறை, ஒரு கல்யாணத்துக்கு.

வில்லியனூரில் ரயில் ஏறினோம். பிரெஞ்சு எல்லை தாண்டியதும் சுங்கக்காரர்கள் ஏறி மூட்டையை அவிழ்த்து, சாராயப் புட்டி இருக்கிறதா என்று துழாவினார்கள். அண்ணனின் மடித்த வேட்டி கலைந்துபோனதில் அவருக்கு அப்போதே கோபம். விழுப்புரத்தில் வண்டி மாறி எழும்பூர் போய், பக்கத்திலிருந்த சத்திரத்தில் தங்கினோம்.

ஞாயிறு காலை ஊர் சுற்றக் கிளம்பினோம். டிராமில் ஏறினோம், இறங்கினோம், மறுபடி ஏறினோம். அண்ணன் முன்னால் நடந்து ஒவ்வொரு கட்டடத்துக்கும் ஒரு பெயர் சொன்னார். செத்த காலேஜ் என்று பட்டணத்தார் சொல்லும் மியூசியத்தைக் காட்டி, "இதான் கவர்னர் பங்களா" என்றார். கூட்டம் உள்ளே போவதைப் பார்த்து நாங்களும் போனோம். ஒரு பெரிய எலும்புக்கூடு நின்றது.

என் வீட்டுக்காரர் மெதுவாகக் கேட்டார்: "கவர்னரு ஆனை எலும்ப இன்னாத்துக்கு மச்சான் வூட்டுல வச்சிக்கிறாரு?"

"வேட்டைக்காரரு மாப்ளே. சும்மா பாத்துக்கினு வா."

நான் சிரித்ததற்கு அண்ணன் என்னை முறைத்துவிட்டு முன்னால் நடந்தார்.

பசி வந்தபோதுதான் சிரமம். முதல் ஓட்டலில் எங்களைப் பார்த்த பார்வையிலேயே புரிந்துவிட்டது. முன்பக்கம் பிராமணர்களுக்கு மட்டுமாம். நாங்கள் பின்வாசல் வழியாகப் போய், விறகு அடுக்கியிருந்த இடத்துக்குப் பக்கத்தில் உட்கார வேண்டுமாம். சொந்த நிலத்தில் நெல்லும் கரும்பும் வைத்துப் பத்துப் பேருக்குச் சோறு போடுகிறவர் என் அண்ணன். விறகுக்குப் பக்கத்தில் உட்காருவாரா. அடுத்த ஓட்டலில், "ஆம்பளைங்க வரலாம், பொம்பளைங்களுக்கு எடம் கெடையாது" என்றார்கள். இந்த இரண்டு இடத்திலும் அவர் கோபப்பட்டது நியாயம். அதை நான் மறுக்கவில்லை. வெந்த அரிசி எந்த வாய்க்குப் போகிறது என்று பார்த்துப் போடும் கடைகளை நான் அன்றைக்கும் திட்டினேன், இன்றைக்கும் திட்டுகிறேன்.

அப்படியே நடந்து கூவத்தைத் தாண்டிச் சிந்தாதிரிப்பேட்டை வந்தோம். ஒரு தெருவில் ஒரு வீட்டு வாசற்கதவு ஓரம் வாழையிலைக் கட்டு ஒன்று சாத்தியிருந்தது.

எங்கள் பக்கம் சந்தை நாளில் சில வீடுகளில் காசுக்குச் சோறு போடுவார்கள். போர்டு கிடையாது. கதவோரம் இலைக்கட்டு நின்றால் அது சோற்று வீடு. யாரும் கேட்காமல் உள்ளே போய்க் கால் கழுவி உட்காரலாம்.

"பாத்தியா, நம்மூர் மாதிரியே வச்சிக்கிறான்" என்று அண்ணன் உள்ளே நுழைந்தார். நாங்களும் நுழைந்தோம்.

வெளுத்த வேட்டியும் நெற்றியில் திருநீறுமாக ஒருவர் ஓடி வந்தார். கை கூப்பினார். "வாங்க, வாங்க. வெயில்ல வந்திருக்கீங்க" என்று அவரே செம்பில் தண்ணீர் கொடுத்தார். காலையிலிருந்து பட்ட அவமானமெல்லாம் தீர நான் அதை ஒரே மூச்சில் குடித்தேன். இப்படியும் ஓட்டல்காரர்கள் இருக்கிறார்களே என்று நினைத்தேன்.

"மத்தவங்க பின்னால வர்றாங்களா?" என்று கேட்டார்.

"மத்தவங்களப் பத்தி எங்களுக்கு இன்னா? வந்தவங்களுக்கு எல போடுப்பா. சாயங்காலம் ரயிலு" என்றார் அண்ணன்.

அந்த மனிதர் ஒரு நொடி திகைத்தார். பிறகு உள்ளே பார்த்து, "எலை போடுங்க" என்றார்.

பாயசம், வடை, இரண்டு பொரியல், சாம்பார். கூடத்தில் ஜமுக்காளம் விரித்து, சந்தனக் கிண்ணம் கூட வைத்திருந்தார்கள். பட்டணத்து ஓட்டலில் இதெல்லாம் உண்டு போலிருக்கிறது என்று நான் சும்மா இருந்தேன். வீட்டுக்கார அம்மா கேட்காமலே மறுபடி மறுபடி நெய் ஊற்றினார். உள் அறைக் கதவுக்குப் பின்னால் பட்டுச் சேலை கட்டிய ஒரு பெண் எட்டிப் பார்த்தாள்.

அண்ணனுக்குக் காலையிலிருந்து சேர்த்து வைத்த கோபம் இங்கேதான் வெளியே வந்தது. "ரசத்துல புளியே இல்ல. எங்கூர்ல மாட்டுக்கு வைக்கிற கழனித்தண்ணி இதவிட நல்லா இருக்கும்" என்றார். அந்த அம்மா, "மன்னிச்சுக்குங்க, வேற வச்சுத் தரேன்" என்றார். "நீ வேற வைக்கிறதுக்குள்ள ரயிலு பூடும்" என்றார் அண்ணன். கதவுக்குப் பின்னால் அந்தப் பெண்ணின் முகம் சுண்டிக் கண்ணில் நீர் வந்ததை நான் பார்த்தேன். ரசத்துக்கு அந்தப் பெண் ஏன் அழுகிறாள் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை.

பாதிச் சாப்பாட்டிலேயே அண்ணன் மடியிலிருந்து ஒரு ரூபாயை எடுத்து நீட்டினார். "இந்தா, மூணு எலைக்கும் எடுத்துக்க."

செம்பில் தண்ணீர் கொடுத்த அந்த மனிதர் பின்னால் நகர்ந்தார். "இன்னாங்க இது?"

"சோத்துக்குக் காசு. பின்ன ஓசியிலயா போடுவ?"

அந்த அம்மாதான் கேட்டார்: "நீங்க மாப்ள வூட்டுக்காரங்க இல்லீங்களா?"

அப்போதுதான் எனக்கு எல்லாம் ஒரே அடியாகப் புரிந்தது. அது ஓட்டல் இல்லை. அவர்கள் பெண்ணுக்கு அன்றைக்கு நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை வீட்டார் தெற்கேயிருந்து வர வேண்டும்; தரகர் மூலம் கடிதத்திலேயே பேசி முடித்ததால் நேரில் பார்த்ததில்லை. முன்னால் வந்த நாங்கள்தான் அவர்கள் என்று நினைத்து, அண்ணன் பேசிய பேச்சையெல்லாம் பெண்ணுக்காகப் பொறுத்துக்கொண்டிருந்தார்கள். பந்தி விருந்தில் மாப்பிள்ளை வீட்டுக்கு முன்னால் வேறு யாருக்காவது இலை போட்டால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அதற்காகவே நின்றுபோன கல்யாணங்களை எங்கள் ஊரிலும் பார்த்திருக்கிறேன்.

அண்ணன் எச்சில் கையோடு எழுந்தார். வாசலில் ஜட்கா வண்டிகள் வந்து நின்ற சத்தம் கேட்டது.

அந்த அம்மா நினைத்திருந்தால் எங்களைக் கொல்லைப்பக்கம் வழியாகத் துரத்தியிருக்கலாம். நானாக இருந்தால் துரத்தியிருப்பேன், முதுகில் ஒன்று போட்டும் அனுப்பியிருப்பேன். அவர் அண்ணனைப் பார்த்து, "உக்காருங்க. எலையில உக்காந்தவங்க பாதியில எழுந்துக்கக் கூடாது" என்றார். புருஷனைப் பார்த்து, "நீங்க வாசலுக்குப் போய்ச் சம்பந்தியக் கூப்பிடுங்க" என்றார். அவ்வளவுதான்.

மாப்பிள்ளையின் அம்மா உள்ளே வந்ததும் எங்கள் இலைகளைத்தான் பார்த்தார். "நாங்க வர்றதுக்கு முன்னாடியே பந்தி நடக்குதே, யாரு இவங்க?"

"பாண்டிச்சேரிப் பக்கத்து உறவுங்க. எனக்கு அண்ணன் மொற. ராத்திரியெல்லாம் பிரயாணம் பண்ணிப் பசியோட வந்தாங்க, போட்டுட்டேன்" என்றார் அந்த அம்மா. குரல் ஒரு இழை கூட அசையவில்லை.

"அண்ணன் மொறைன்னா பொண்ணுக்கு மாமனா?"

"ஆமா, மாமன்தான்."

நான் அடுக்களைக்குள் போய்ச் சேலையைச் செருகிக்கொண்டு வடைக்கு மாவு தட்டினேன். அந்த அம்மாவிடம் என்ன சொல்வதென்று தெரியவில்லை. "உன் ரசம் நல்லாத்தான் இருந்திச்சி" என்றேன். "கொஞ்சம் புளி கம்மிதான் அக்கா, அவரு சொன்னது நெசம்" என்று சொல்லிவிட்டு அந்த நேரத்திலும் சிரித்தார்.

கூடத்தில் என் அண்ணன் மாமனாக உட்கார்ந்திருந்தார். மாப்பிள்ளையின் அப்பா அவரைப் பிடித்துக்கொண்டு எந்த ஊர், எத்தனை காணி, என்ன பயிர் என்று கேட்டார். நிலத்தைப் பற்றிக் கேட்டால் அண்ணனுக்கு வாய் திறந்துகொள்ளும். கரும்பைப் பற்றிப் பேசினார். பிறகு யாரும் கேட்காமலே, "எங்க பொண்ணு பொறுமசாலிங்க. யாரு இன்னா பேசினாலும் எதுத்து ஒரு வார்த்த பேசாது. அத நான் கண்ணால பாத்துக்கிறேன்" என்றார். அது மட்டும் பொய்யில்லை.

தாம்பூலம் மாற்றும் நேரம் வந்தது. அந்த அம்மாவுக்குக் கூடப் பிறந்தவர்கள் யாரும் இல்லை. பெண்ணின் அப்பா தட்டை அண்ணன் பக்கம் நகர்த்தி, "மாமன் கையும் படட்டும்" என்றார். என் அண்ணன் அந்தத் தட்டைத் தொட்டார். கண் கலங்கியிருந்தது. அடுக்களை வாசலில் நின்று நான் பார்த்தேன். அண்ணே, நீங்கள் மறந்திருந்தால் நான் ஞாபகப்படுத்துகிறேன், தோள் துண்டால் முகத்தைத் துடைத்தீர்கள்.

கிளம்பும்போது அந்தப் பெண் வந்து அவர் காலில் விழுந்து கும்பிட்டாள். ரயிலுக்குப் புளிச்சோறு கட்டிக் கொடுத்தார்கள். அண்ணன் அந்த ரூபாயை அவள் கையில் வைத்தார். அப்போது வாங்கிக்கொண்டார்கள்.

மறுநாள் வில்லியனூர் ஸ்டேஷனில் இறங்கினோம். தெரிந்தவர் ஒருவர், "மெட்ராஸ் எப்படி இருந்திச்சி?" என்றார். அழைக்காத வீட்டில் நுழைந்து சாப்பிட்டதை அண்ணனால் சொல்ல முடியவில்லை. ஓட்டல்களில் நடந்ததை மட்டும் சொன்னார். மறு சந்தையில் அதைப் பெரிதாக்கினார். பிறகு அவர் வாயில் மெட்ராஸ் முழுவதும் விறகுக்குப் பக்கத்தில் உட்காரச் சொன்ன ஓட்டலாகவே ஆகிவிட்டது.

சிந்தாதிரிப்பேட்டை வீடு எங்களை விடவில்லை. அந்தக் கல்யாணத்துக்கு நானும் என் வீட்டுக்காரரும் போனோம். அண்ணன் கரும்புக்குத் தண்ணீர் பாய்ச்சப் போய்விட்டார். போன வருடம் அந்த அம்மா வில்லியனூர் தேருக்கு வந்து எங்கள் வீட்டில் தங்கினார். அப்போதும் கரும்புக்குத் தண்ணீர்தான். அந்தக் கரும்பு இந்நேரம் அழுகியிருக்க வேண்டும்.

இப்போது அண்ணன் மகளுக்கு மெட்ராஸில் வாத்தியார் வேலைக்கான படிப்பில் இடம் கிடைத்திருக்கிறது. அந்த அம்மா, "வேற எடம் பாக்காதீங்க, எங்க வூட்டுல இருந்து போவட்டும்" என்று சொல்லியனுப்பியிருக்கிறார். அண்ணன் மாட்டேன் என்கிறார். "பச்சத் தண்ணி குடுக்காத ஊர்ல எம் பொண்ண வுடறதா?" என்று சந்தையில் கேட்கிறார். பலரும் தலையாட்டுகிறார்கள். அண்ணியும் பயந்துபோயிருக்கிறார். அந்தப் பெண் என் வீட்டுக்கு வந்து, "அத்த, அப்பா சொல்றது நெசமா?" என்று கேட்டாள். நான் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் சிரித்தாள். பிறகு, "அப்பாவே சொன்னாத்தான் அம்மா நம்பும்" என்றாள்.

துரத்திய கடைகள் அந்த ஊரில்தான் இருக்கின்றன. தன் பெண்ணின் கல்யாணமே கெட்டுப்போகும் என்று தெரிந்தும் மூன்று அந்நியர்களை உட்கார வைத்துச் சோறு போட்ட வீடும் அதே ஊரில்தான் இருக்கிறது. எந்த ஊருக்குப் போனாலும் அப்படி ஒரு கதவு இருக்கும் என்று எனக்கு அன்றைக்கு வந்த தைரியம் இன்றுவரை குறையவில்லை, என் மருமகளுக்கும் அது வேண்டும் என்கிறேன்.

அண்ணே, இந்தப் பத்திரிகை வில்லியனூருக்கு வருகிறது. உங்களுக்கு யாராவது வாசித்துக் காட்டுவார்கள். என் வீட்டுக்கு வந்து என்னைத் திட்ட வேண்டாம். வருகிற சந்தையன்று எல்லோரும் இருக்கும்போது எழுந்து நின்று பதில் சொல்லுங்கள்: முன்பின் தெரியாத வீட்டுப் பெண்ணுக்கு மாமனாக நின்ற நீங்கள், பெற்ற பெண்ணுக்கு அப்பனாக நிற்பீர்களா, மாட்டீர்களா?