எண்ணி வாங்கும் குடில் பெட்டி

அந்துருண்டையும் பழைய வைக்கோலும் கலந்த நெடி மூக்கில் ஏறினால், எனக்குக் கிறிஸ்துமஸோடு ஒரு பயமும் சேர்ந்தே வரும். இயேசு பிறப்பைக் காட்டும் எங்கள் குடும்பத்துக் குடில் சொரூபங்கள் இருந்த தகரப் பெட்டியின் நெடி அது. விராலிமலை அத்தை, புதுக்கோட்டையில் நாங்கள், ஜெகதாப்பட்டினம் கடலில் வலை வீசும் சித்தப்பா என்று வருஷத்துக்கு ஒரு வீடாக அந்தப் பெட்டி சுற்றிவரும். பெட்டி இருக்கும் வீட்டில்தான் அந்த வருஷம் எல்லோருக்கும் கிறிஸ்துமஸ்.

டிசம்பர் பிறந்ததும் மூன்று வீட்டாரும் கூடிப் பெட்டியைத் திறந்து, பதினான்கு சொரூபங்களையும் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்க்கும் சடங்குக்கு அப்பா வைத்த பெயர் "போலீஸ் சோதனை". அப்பாவுக்கு மூத்தவரான, நர்ஸ் வேலை பார்த்த அத்தைதான் இன்ஸ்பெக்டர்.

"எனக்கு எம்மேலயே நம்பிக்கை இல்ல, ஒங்க மேல எங்கேருந்து வரும்?" என்று கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு உட்காருவார். சம்மனசு என்கிற தேவதூதர் சொரூபத்தை மட்டும் வேறு யாரையும் தொடவிட மாட்டார். ஆட்டுக்குட்டியின் காதில் கீறல் தெரிந்தால் சித்தப்பா அப்பாவைப் பார்ப்பார், அப்பா அத்தையைப் பார்ப்பார். "ஒடைச்ச வீட்டுக்கு இனிமே பெட்டி கெடையாது" என்பது அத்தையின் சட்டம்.

நான் நாலாம் வகுப்பு படித்த வருஷம் பெட்டி எங்கள் வீட்டில் இருந்தது. பதினொரு மாதமாகப் பாலன் இயேசுவை யாருமே குளிப்பாட்டவில்லையே என்று, அம்மா கடைக்குப் போன நேரம் பார்த்து வாளித் தண்ணீரில் முக்கித் தேய்த்தேன். மண் சொரூபம், வலது பாதம் கையோடு வந்துவிட்டது. சோற்றுப் பருக்கையால் ஒட்டி, பஞ்சைச் சுற்றிப் படுக்க வைத்தேன்.

சோதனை நாளில் அப்பா, "எங்க வீட்ல ஒரு தூசி படலக்கா" என்று பெருமை பேசப் பேச நான் அம்மாவின் முந்தானைப் பக்கம் நகர்ந்தேன். அத்தை பாலனை எடுத்தார். பஞ்சை விலக்கினார். பாதத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"பிள்ளைக்குக் குளிருது" என்று பஞ்சை இன்னும் இறுக்கிச் சுற்றி, "சரியா இருக்கு, அடுத்தது எடு" என்றார்.

அந்த இரக்கத்தை நான் நம்பவில்லை. என்றைக்கு விஷயத்தைப் போட்டு உடைக்கப் போகிறாரோ என்று வருஷக்கணக்கில் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பெரியவர்கள் மூவரும் போனபின் பெட்டி கேட்பாரில்லாமல் என்னிடமே தங்கிவிட்டது. மற்ற இரண்டு வீட்டுப் பிள்ளைகளும் ஆளுக்கொரு பிளாஸ்டிக் குடில் வாங்கிவிட்டார்கள். போன வாரம் சொரூபங்களை வெயிலில் வைத்துத் துடைத்தபோதுதான் பார்த்தேன்: ஒட்டகத்தின் முறிந்த காலைச் சுற்றி மீன்வலை நரம்பு, சம்மனசின் இறக்கைக்குப் பின்னால், மேலே வெள்ளை வண்ணம் பூசிய ஆஸ்பத்திரி பிளாஸ்திரி.

உடனே சித்தப்பா மகன் அருளுக்கு போன் செய்தேன். "இந்த வருசம் பெட்டி ஒன் வீட்டுக்கு வருதுடா. பதினாலையும் எண்ணி வாங்கிக்க."

"எண்ணி என்னக்கா செய்ய? ஒங்கள நம்பாம யாரை நம்பப் போறேன்? பார்சல்ல போட்டு விடுங்க."

அந்த நம்பிக்கைதான் எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. அவ்வளவு நம்புகிறவன் பெட்டியைத் திறந்தே பார்க்க மாட்டான். அதனால் நாளைக்கு நானே பெட்டியோடு பஸ் ஏறுகிறேன். அவன் மகள் மடியில் பாலனைப் போட்டு, அவள் பஞ்சை விலக்கிப் பார்க்கிறாளா என்று பார்க்க வேண்டும்.