பென்சிலில் எழுதிய ஒரு வரி

வளைகுடாவில், அல் குசைஸ் பகுதியிலுள்ள எங்கள் அலுவலகத்துக்கு வரும் பெட்டிகளில், புஜைரா துறைமுகத்திலிருந்து வருபவற்றை வாடையை வைத்தே சொல்லிவிடலாம். எண்ணெய்த் தொட்டிகளைக் கழுவும் ஒரு கம்பெனியின் காகிதங்கள் அவை. தலைமையகம் ஐரோப்பாவில். நாங்கள் ஸ்கேன் செய்து, மின்முத்திரையும் நேரக்குறியும் இட்டு அங்கே சேர்த்துவிட்டால், பல வருடங்கள் கழித்தும் அங்குள்ள எந்த நாட்டிலும் அதை ஆதாரமாக ஏற்பார்கள். பிறகு காகிதம் வேண்டியதில்லை. துண்டு துண்டாக வெட்டிவிடுவோம்.

வெட்டுவதற்கு முன், நகல் முழுமையானது என்று ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும். அந்த ஒருவர் நான். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான்தான். அப்பா இன்றும் கைநாட்டு. ஒவ்வொரு கையெழுத்துக்கும் கீழே ஒரு கோடு இழுப்பேன்.

“கோடு வேற. கவர்னர் எண்டு நினைப்போ உமக்கு?” என்பார் மேலாளரான யாழ்ப்பாணத்து அக்கா.

வேகத்திலும் எனக்குப் பெருமைதான். வெற்றுப் பக்கங்களைத் தானாகவே விட்டுவிடும் வசதி ஸ்கேனரில் உண்டு. தொட்டிக்குள் இறங்கக் கொடுக்கும் வேலை அனுமதிச் சீட்டுகளின் பின்புறம் பெரும்பாலும் வெறுமையாகவே இருக்கும் என்பதால் அதைப் போட்டு வைத்திருந்தேன்.

ஒரு நாள் தாள்களில் ஸ்டேப்ளர் பின் பிடுங்கும்போது, ஒரு சீட்டின் பின்னால் பென்சிலில் தமிழ் தெரிந்தது. கூடுதலாக வேலை பார்த்த நேரத்தைச் சீட்டின் பின்னால் குறித்து வைப்பது தொழிலாளர்கள் சிலரின் வழக்கம். ‘டூட்டி முடிஞ்சிருச்சு. ஆறு மணிக்கு ஃபோர்மேன் மறுபடி டேங்க்குள்ள இறங்கச் சொன்னார்’ என்று இருந்தது. நாள் முழுக்க ஆங்கிலம் பார்த்த கண்ணுக்குத் தமிழ் தெரிந்ததில் ஒரு சந்தோஷம். வாசித்துவிட்டு ஸ்கேனரில் வைத்தேன். அன்று மாலை கையெழுத்தும் போட்டேன். கோடும் இழுத்தேன்.

சில மாதங்கள் கழித்து சோனாப்பூர் தொழிலாளர் கேம்ப்பில் தங்கியிருக்கும் அப்பா போன் செய்தார். “நம்ம ரூம்காரர் ஒருத்தர் ஒன்னயப் பாக்க வருவாரும்மா. எம் பொண்ணுதான் அந்தப் பேப்பருக்கெல்லாம் பொறுப்புன்னு சொல்லிட்டேன்.”

லீவு நாளில் அந்த ரூம்காரரை டீக்கடையில் சந்தித்தேன். அவருடைய தம்பி புஜைராவில் தொட்டிக்குள் மூச்சுமுட்டி இறந்துபோயிருந்தார். கம்பெனிக் கடிதத்தை நீட்டினார். வேலை நேரம் முடிந்த பின் அனுமதியில்லாமல் தானாக உள்ளே இறங்கினார் என்று அதில் எழுதியிருந்தது.

“கூப்பிடாம அவன் ஏம்மா போகப்போறான்? குடிச்சிட்டு எறங்கியிருப்பான்னு ஊர்ல பேசுறாக. அவன் மகன் காதுலயும் விழுந்திருச்சு. வேற ஒண்ணும் வேணாம், கூப்பிட்டுத்தான் போனான்னு ஒரு பேப்பர் கெடைச்சாப் போதும்.”

கடிதத்திலிருந்த பெயரும் ஆறு மணி என்ற நேரமும் அந்தப் பென்சில் சீட்டிலும் இருந்தது எனக்கு ஞாபகம் வந்தது. “இருக்குண்ணே, நானே பாத்தேன்” என்றேன். அவர் டீயைக் கீழே வைத்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

மறுநாள் கோப்பைத் திறந்தேன். சீட்டின் முன்பக்கம் இருந்தது. பின்பக்கம் இல்லை. அந்த மெல்லிய பென்சில் எழுத்தை இயந்திரம் வெறுமை என்று எடுத்துக்கொண்டிருந்தது. காகிதத்தை வெட்டி வாரங்கள் ஆகியிருந்தன. நகல் முழுமையானது என்ற என் கையெழுத்து மட்டும் பத்திரமாக இருந்தது.

“இனி மாத்தேலாது பிள்ளை,” என்றார் அக்கா. “பிழை எண்டு நீரே எழுதிக் குடுத்தால் உம்மட வேலைதான் போகும்.” பிறகு, “எழுதுறதெண்டால் வடிவா எழுதும்” என்று எழுந்து போனார்.

தலைமையகத்துக்கு எழுதினேன். நான் வாசித்த வரியைத் தமிழிலேயே எழுதி, கீழே ஆங்கிலத்தில் அதன் பொருளையும், அது விடுபட்டது என் தவறு என்பதையும் சேர்த்தேன். தலைமையகத்திலிருந்து பதில் வந்தது. என் குறிப்பை முத்திரையிட்டுக் கோப்பில் சேர்த்துவிட்டார்களாம். ஆனால் மூலம் இல்லாததால் விசாரணை முடிவு மாறாதாம். நான் இந்தத் தேதியில் இதை எழுதினேன் என்பதற்கும், பிறகு யாரும் அதைத் திருத்தவில்லை என்பதற்கும்தான் முத்திரை சாட்சி. நான் எழுதியது நடந்ததா என்பது அதற்குத் தெரியாது. கையெழுத்துப் போடும் பொறுப்பை என்னிடமிருந்து எடுத்துவிட்டார்கள். இப்போது பின் பிடுங்குவதோடு சரி. அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை.

என் குறிப்பின் அச்சுப்பிரதியை அதே டீக்கடையில் அந்த அண்ணனிடம் கொடுத்தேன். தமிழ் வரியை இரண்டு முறை வாசிக்கச் சொன்னார்.

“இது கம்ப்யூட்டர் எழுத்தும்மா. அவன் எழுத்து எப்பிடி இருந்துச்சு? சாச்சுத்தான் எழுதுவான். அப்பிடியா இருந்துச்சு?”

யோசித்துப் பார்த்தேன். வரி ஞாபகம் இருந்தது. எழுத்து ஞாபகம் இல்லை.

“ஆமாண்ணே, சாச்சுத்தான்” என்று சொல்லியிருக்கலாம். இன்னொரு முறை தெரியாத ஒன்றுக்குச் சாட்சி சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தெரியவில்லை என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். தாளைத் திருப்பி, வெறுமையாக இருந்த பின்புறத்தைச் சன்னல் வெளிச்சத்தில் ஒரு முறை பார்த்துவிட்டு, மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.