மாமா சாய்ந்து நின்ற அட்டை

நாங்கள் குடியிருந்த லா சப்பல் பாரிசோடு சேர்ந்தது 1860 தை முதலாம் திகதி. அதுவரை அது நகர எல்லைக்கு வெளியே தனி ஊர். இதை நான் முதன்முதலில் எழுதியது 2004 வைகாசியில், பத்து வயதில், பள்ளியில் தந்த பெரிய அட்டையொன்றில். அவரவர் தெருவின் வரலாற்றை எழுதிக் கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். பெற்றோர் வரும் மாலையில் அது சுவரில் இருக்கும்.

1860க்குப் பிறகு என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. அம்மாவின் தம்பியான மாமாவைப் பிடித்தேன். பலசரக்குக் கடையில் வேலை செய்த அவருக்கு ஒவ்வொரு கடையின் முற்பிறப்பும் தெரியும்.

"இந்த நகைக்கடையிலை முந்திக் குதிரை இறைச்சி வித்தவங்கள், பிள்ளை. இப்ப தாலி விக்கிறாங்கள்."

"எந்த வருசம் மாறினது?"

"உன்ர அக்காவுக்குக் காது குத்தின வருசம்."

அதையும் கணக்குப் பார்த்து எழுதிக்கொண்டேன். அவர் எப்போது வந்தார் என்று கேட்டபோது மட்டும், "அதை விடு, கடையளை எழுது" என்றார். திகதி இல்லாமல் ஒரு வரியை விட எனக்கு அப்போதே மனம் வராது. அம்மாவிடம் போனேன். அம்மா வெங்காயம் வெட்டியபடியே, "தொண்ணூற்றிரண்டு ஆவணி பதினாலு" என்றார். மாமாவின் முழுப்பெயரோடு, பிரெஞ்சில், சிவப்பு மையில் எழுதினேன்.

மாமா அப்போது குடியுரிமைக்கு விண்ணப்பித்துப் பதிலுக்குக் காத்திருந்தார். அவருடைய கோப்பில் அவர் வந்த ஆண்டு 1994. முதல் இரண்டு வருடங்களை வதிவிடப் பத்திரம் இல்லாமல் கழித்தவர், அவற்றை எந்த அதிகாரியிடமும் சொல்லவில்லை. இது நான் பின்னாளில் அறிந்தது.

அன்று மாலை மாமா வேலை முடிந்து நேரே பள்ளிக்கு வந்தார். அட்டையை மேலிருந்து கீழாக வாசித்தார். பிறகு திரும்பி, அதன்மேல் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டார்.

"மாமா, விலத்துங்கோ. என்ர அட்டை தெரியேல்லை."

"பொறு பிள்ளை, நான் இன்னும் வாசிச்சு முடிக்கேல்லை."

"தம்பி, இஞ்சாலை வாவன், வடை முடியப்போகுது" என்று அம்மா கூப்பிட்டார். அவர் அசையவில்லை. நகரசபையிலிருந்து ஒரு பெண்மணி புகைப்படக்காரரோடு வந்து, சற்று விலகச் சொல்லிக் கையைக் காட்டினார். மாமா தலைமயிரைத் தடவிவிட்டு, இன்னும் நிமிர்ந்து நின்று, படத்துக்குச் சிரித்தார்.

அந்தப் படம் என்னிடம் இருக்கிறது. மற்றப் பிள்ளைகளின் அட்டைகளை இன்றும் அதில் வாசிக்கலாம். என் அட்டையில் தெரிவது 1860 மட்டும். அதற்குக் கீழே எல்லாம் மாமாதான்.

வீட்டுக்கு நடக்கும்போது அவர் என் கையை இறுக்கிப் பிடித்திருந்தார். சுருட்டிய அட்டை அவருடைய மற்றக் கையில். அது அவருக்கு அவ்வளவு பிடித்துவிட்டது என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை. அடுத்த வருடம் அவர் பெயரை இன்னும் பெரிய எழுத்தில் எழுதுவதாக வாக்குக் கொடுத்தேன்.