பாம்புக்காது

இருபத்திரண்டு வருடமாகக் கார்களுக்குள் தலையை விட்டு ஆம்ப்ளிஃபயர் திருகியவருக்குப் பாம்புக்காது என்று பெயர். உச்ச ஒலியையும் அடி ஒலியையும் பிரிக்கும் கிராஸ்ஓவர் திருகை மயிரிழை நகர்த்தினாலும் எது கூடியது, எது குறைந்தது என்று சொல்லிவிடுவார். அந்தக் காதுக்காகவே வண்டிகள் வரிசையில் நின்றன.

இந்த வருடம் போன வண்டிகளே திரும்பி வந்தன. உச்ச ஒலி தரும் குட்டி ஸ்பீக்கரைக் காட்டி, "ட்வீட்டர் காதைக் கிழிக்குதுங்க" என்றார்கள். "கேக்கத் தெரியாதவனுங்க" என்று அவர் எரிந்து விழுந்தார்.

கடை, அவர் தங்கை புருஷனுடையது. அவனுக்கு விஷயம் புரிந்துவிட்டது. தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். மாட்டானே! கூட்டம் சேரும்வரை காத்திருந்து, ஒரு காரில் இரண்டு ட்வீட்டர் வயர்களையும் பிடுங்கிவிட்டு அவரைக் கூப்பிட்டான்.

"மச்சான், இதைக் கொஞ்சம் பாருங்க."

அவர் பாட்டை ஓடவிட்டு, சீட்டில் சாய்ந்து கண்ணை மூடினார். ட்வீட்டர் திருகை ஏற்றினார், துளி இறக்கினார், மறுபடி ஏற்றினார். முகம் மலர்ந்தது.

"இப்ப கேளு. கண்ணாடி மாதிரி இருக்கு!"

அவன் பிடுங்கிய வயர்களை அவர் மூக்குக்கு முன்னால் ஆட்டினான். சுற்றி நின்றவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

"பாம்புக்குக் காதே கிடையாதாம் மச்சான். பேரு சரியாத்தான் வச்சிருக்கோம்."

அவர் பாட்டை நிறுத்திவிட்டு அவன் உதட்டையே பார்த்தார்.

"என்ன சொன்ன?"

அவன் தெருவுக்கே கேட்கும்படி கத்தி, இன்னொரு முறை சொன்னான். இந்த முறை அவருக்கும் கேட்டது.