மழையில் நின்றுபோகும் கார்

மழை பெய்தால் என் கார் நின்றுபோகும். கேட்பவர்கள் சிரிப்பார்கள். முன்கண்ணாடியின் வலது கீழ்மூலையில் ரப்பர் தளர்ந்து தண்ணீர் உள்ளே இறங்கும். முதலில் என் முழங்காலை நனைக்கும், பிறகு அதற்குக் கீழே இருக்கும் ஃபியூஸ் பெட்டியை. அதோடு சரி. விளக்கும் போகும், எஞ்சினும் போகும். விடிந்தும் விடியாத நேரத்தில், பண்டார் தெங்காரா சாலையில், இரண்டு பக்கமும் செம்பனை மரங்கள், பின்னால் பழம் ஏற்றிய லோரி. அது ஹாரன் அடித்து என்னைச் சுற்றிக்கொண்டு போகும்வரை என் உயிர் என் கையில் இருக்காது.

இரண்டு தடவை அப்படி ஆகிவிட்டது. இரண்டாவது தடவை நடந்ததை வீட்டில் சொல்லியிருக்கக் கூடாது. என் மனைவியின் தம்பி எங்கள் வீட்டில் தங்கி வேலைக்குப் போய் வந்தவன். அதே சாலையில், அதே மாதிரி ஒரு மழையில், மோட்டார் சைக்கிளில் போனவன் லோரியில் அடிபட்டுச் செத்தான். அதற்குப் பிறகு நான் தொழிற்சாலைக்குப் போய்ச் சேர்ந்து போன் போடும்வரை அவள் ஒரு வாய் காப்பிகூடக் குடிப்பதில்லை. தினமும் "மெதுவா போங்க" என்பாள். அதைக் கேட்டாலே ஆக்சிலேட்டரில் என் கால் இன்னும் கொஞ்சம் அழுத்தும். பிறவிக் குணம்.

"அடுத்த மழைக்குள்ள சரி பண்ணுங்க. இல்லன்னா அந்த வேலைய விட்டுடுங்க" என்றாள். ஜொகூரில் அடுத்த மழை என்றால் பெரும்பாலும் அன்று சாயங்காலம்தான்.

சிலிக்கோன் வாங்கி வந்து வெளியே பூசினேன், உள்ளே பூசினேன், சட்டையிலும் பூசிக்கொண்டேன். தண்ணீர் வேறு வழி பார்த்துக்கொண்டு அதே முழங்காலில் வந்து விழுந்தது. தெருமுனையில் கார் பட்டறை வைத்திருக்கும் போர்மேன் எட்டிப் பார்த்துவிட்டு, ரப்பரையே மாற்ற வேண்டும், அடுத்த வாரம் கொண்டு வா என்றார். அடுத்த வாரமா? வீட்டுக்கும் கேட்டுக்கும் நடந்து நடந்து செருப்புத்தான் தேய்ந்தது. கூலாயில் ஒரு கடையில் புது ரப்பர் வாங்கினேன், போனில் ஒரு வீடியோ பார்த்தேன், ஞாயிற்றுக்கிழமை நானே இறங்கிவிட்டேன். உள்ளே ஒருவர், வெளியே ஒருவர், இரண்டு பேர் இல்லாமல் ஆகாத வேலை அது. வீட்டில் இருக்கும் இரண்டாவது ஆள் அவள்தான்.

பழைய ரப்பரைக் கத்தியால் அறுத்தேன். நான் உள்ளிருந்து தள்ள, அவள் வெளியே தாங்கிக்கொள்ள, கண்ணாடி அலுங்காமல் வந்துவிட்டது. பழைய மெத்தைமேல் கிடத்திவிட்டு வந்து அந்த வலது மூலையைப் பார்த்தேன். கறுப்பாக என்னவோ அடைத்துக்கொண்டிருந்தது. ஸ்க்ரூடிரைவரால் நோண்டினேன். ஒரு குச்சி வந்தது. பிறகு இன்னொன்று. அப்புறம் வந்துகொண்டே இருந்தன, ஊறி, நைந்து, துருவோடு ஒட்டிக்கொண்டு. எல்லாம் வேப்பங்குச்சி.

வெள்ளிக்கிழமை நான் காரை எடுப்பதற்கு முன் அவள் ஒரு வேப்பிலைக் கொத்தை அந்த ரப்பர் ஓரத்தில் செருகுவாள். எங்கள் தாமான் குடியிருப்பில் எலுமிச்சையோ வேப்பிலையோ இல்லாத காரைத்தான் திரும்பிப் பார்ப்பார்கள். நானும் தடுத்ததில்லை. பெரிய சாலைக்கு வருவதற்குள் இலையெல்லாம் காற்றில் போய்விடும். காம்பு மட்டும் முறிந்து உள்ளே நின்றுகொண்டது எனக்கும் தெரியாது, அவளுக்கும் தெரியாது. அடுத்த வெள்ளி அதன்மேல் இன்னொன்று. ரப்பர் உதட்டைத் தூக்கிக் கொடுத்து, தண்ணீரைத் தேக்கி வைத்து, காரின் தகட்டையும் செதில் செதிலாக உரித்து வைத்திருந்தன அந்தக் குச்சிகள்.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. "இங்க பாரு, நீ வச்ச காவலு செஞ்ச வேலைய!" என்று குச்சிகளை அவள் முன்னால் கொட்டினேன்.

அவள் குனிந்து ஒன்றை எடுத்துப் பார்த்தாள். "அப்ப உங்கள நடுரோட்டுல நிறுத்துனது நானா?"

கூலாய்ப் பக்கம் இடி உருண்டது. எங்கள் போர்ச்சில் காருக்குப் பாதிதான் கூரை, முன்பக்கம் வானத்தைப் பார்த்துக்கொண்டுதான் நிற்கும். துருவைத் தேய்த்தேன், பெயிண்ட் அடித்தேன். காய்ந்ததா காய்ந்ததா என்று தொட்டுத் தொட்டு அதில் என் விரல் அடையாளங்களைப் பதித்தேன். அவள் கீழே கிடந்த குச்சிகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். திட்டியிருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

புது ரப்பரைக் கண்ணாடியைச் சுற்றி மாட்டி, அதன் காடிப் பள்ளத்தில் சோப்புத் தண்ணீர் தடவிய கயிற்றைச் சுற்றினோம். பிறகு அவள் வெளியே நின்று கண்ணாடியை இரண்டு கையாலும் அழுத்த வேண்டும், நான் உள்ளே உட்கார்ந்து கயிற்றை இழுக்க வேண்டும். இழுக்க இழுக்க ரப்பர் உதடு தகட்டைத் தாண்டி உள்ளே வந்து உட்காரும். அழுத்தம் ஒரு பக்கம் கூடினால் கண்ணாடி விரிசல் விடும். பாதியில் மழை பிடித்துக்கொண்டது. "அழுத்து, நல்லா அழுத்து!" என்று கத்தினேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் முகம், என் முகத்துக்கு நேராக. தலையில் தண்ணீர் கொட்ட, கையை எடுக்காமல் என்னவோ சொல்லிக்கொண்டே இருந்தாள். மழைச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை.

கடைசி மூலையும் உட்கார்ந்தது. விரலை விட்டுத் தடவினேன், போன் விளக்கை அடித்துப் பார்த்தேன். ஒரு சொட்டு இல்லை. "வந்து பாரு!" என்று கூப்பிட்டேன். அவள் அதே இடத்தில் நின்றாள். இடது கதவைத் திறந்து, எட்டிக் கையைப் பிடித்து உள்ளே இழுத்தேன். சொட்டச் சொட்ட உட்கார்ந்தாள்.

"என்ன சொல்லிக்கிட்டு இருந்த?"

"அன்னிக்கும் வெள்ளிக்கிழமைங்க. தம்பி பைக்ல வைக்கலாம்னு வேப்பிலை பறிச்சுட்டு வந்தேன். 'லேட்டாச்சுக்கா, விடு'ன்னான். விட்டுட்டேன்." கண்ணாடியைப் பார்த்தபடியே சொன்னாள். "அதனாலதான் உங்களுக்கு ஒரு வெள்ளிகூட விடல."

இத்தனை காலம் ஒரே வீட்டில் இருந்தும் இது எனக்குத் தெரியாது. "இனிமே என் சட்டைப் பையில வை" என்றேன்.

"பையில வச்சா பத்திரமா இருப்பீங்களா?"

இருப்பேன் என்று சொல்லியிருக்கலாம். அவளும் அதைத்தான் எதிர்பார்த்தாள். எனக்குப் பொய் வரவில்லை.

"தெரியாதும்மா. மெதுவா போறேன்" என்றேன்.

அதற்குத்தான் அவள் அழுதாள். தம்பியைத் தூக்கிக்கொண்டு போன அன்றுகூட அப்படி அழுது நான் பார்க்கவில்லை.