கம்ப்யூட்டருக்கு வைத்த பொட்டு

மைசூரை ஒட்டிய ஒரு நகரசபையில் வருஷக்கணக்காகக் கொசு மருந்து அடித்துவந்த ரத்தினசாமிக்கு, 1999-இல் ஏசி அறையில் நாற்காலி கிடைத்தது. வீட்டு வரிக் கணக்கு ஏற்றிய கம்ப்யூட்டரை அவர்தான் திறக்க வேண்டும், அவர்தான் பூட்ட வேண்டும். தட்டச்சுக்கு ஒரு விரல்தான் வளையும். ஆனால் "செருப்பு வெளியே!" என்று அதட்ட வாய் நன்றாகவே வளைந்தது. மனைவி பஞ்சவர்ணம் தெரு முழுக்கச் சொல்லிவைத்தாள்: "எங்கூட்டுக்காரரு ஸ்வெட்டர் போட்டுக்கிட்டுத்தான் வேலை செய்யறாரு."

பெங்களூரிலிருந்து பாதுகாப்பு விதிகள் வந்தன. பாஸ்வேர்டு வெளியே தெரிந்தால் ஆளை மாற்றிவிடுவார்களாம். மாற்றினால் மறுபடி மருந்து டப்பா, மறுபடி இருமல். ரத்தினசாமி மூளையைக் கசக்கி, கொள்ளேகால் பக்கத்தில் இருக்கும் தன் சொந்த ஊரான ராமாபுரத்தின் பெயரை ஆங்கிலத்தில் வைத்தார். மைசூரில் எவனுக்கு அந்த ஊர் தெரியும்? தன் புத்தியை நினைத்து அவருக்கே மெய்சிலிர்த்தது.

ஆயுதபூஜை வந்தது. கொசு மருந்து மிஷினுக்கே பொட்டு வைத்த கை சும்மா இருக்குமா? கீபோர்டில் ஒரு பொத்தான் விடாமல் சந்தனம், குங்குமம் வைத்து, சாம்பிராணி காட்டினார்.

தசரா விடுமுறை முடிந்த காலையில் பாஸ்வேர்டை அழுத்தி அழுத்தித் திறந்தார். சிவந்த விரலைப் பேன்ட்டில் துடைத்துக்கொண்டிருக்கும்போதே சோதனை அதிகாரி காவேரி வந்துவிட்டார். இவர் பதறிப்போய்க் கம்ப்யூட்டரைப் பூட்டினார்.

"பாஸ்வேர்டு யாருக்காவது தெரியுமா?" என்று கன்னடத்தில் கேட்டார் காவேரி.

"என் சம்சாரத்துக்கே தெரியாது மேடம்" என்று இவரும் கன்னடத்தில் சொன்னார். பேச்சிலேயே ஊர்ப்பக்கம் தெரிந்துவிட்டது போலும், காவேரி சிரித்துத் தமிழுக்கு மாறினார்.

"எந்த ஊருங்க நீங்க?"

"ராமாபுரமுங்க மேடம்!" நெஞ்சை நிமிர்த்திச் சொன்னார்.

காவேரியின் பார்வை கீபோர்டுக்குப் போனது. எல்லாப் பொத்தானிலும் பொட்டு. எழுத்துகளில் ஆர், ஏ, எம், பி, யு, இவற்றில் மட்டும் கலைந்து கிடந்தது. நிதானமாகத் தட்டினார். கம்ப்யூட்டர் திறந்துகொண்டது.

ரத்தினசாமிக்கு ஏசியிலும் வியர்த்தது. திருடனுக்கு விளக்குப் பிடிக்க வேறு ஆள் எதற்கு, நானே போதுமே என்று நொந்துகொண்டார். மருந்து டப்பா கண்முன்னால் வந்து நின்றது. வெட்கத்தோடு அழுகையும் வந்தது.

"தொடச்சிட்டு மாத்துங்க. நான் வெளியில நிக்கறேன். இந்த ஒரு தடவைதான்" என்றார் காவேரி.

ஈரத்துணியால் துடைத்து, புதுப் பாஸ்வேர்டு வைத்துவிட்டு ஓடிவந்தார். காவேரி சோதனை அறிக்கையில் கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்தார். ரத்தினசாமிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"இனி ஒருத்தனும் கண்டுபிடிக்க முடியாதுங்க மேடம். இப்ப கொள்ளேகா..."

"ஐயோ, சொல்லாதீங்க!" காவேரி பேனாவை மூடிவிட்டார்.

ரத்தினசாமி மறுபடி உள்ளே ஓடினார். இந்த முறை வாயைக் கையால் பொத்திக்கொண்டு திரும்பி வந்தார். காவேரி ஒன்றும் கேட்காமல் கையெழுத்துப் போட்டார். அவருடைய ஜீப் தெருமுனை திரும்பும்வரை இவர் பொத்திய கையை எடுக்கவில்லை.