நெடுங்கேணிக்கு அப்பால் ஓர் ஆற்றுக்கு நாள் குறித்தோம்

ஆடி மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில், காலை ஆறு மணிக்கு முன்னரே வவுனியாவிலிருந்து நெடுங்கேணி பஸ்ஸில் ஏறினேன். ஓமந்தை தாண்டும்வரை கண்டி வீதி. புளியங்குளத்தில் கிழக்கே திரும்பியதும் வீதி ஒடுங்கி, காடு யன்னலுக்குக் கிட்ட வந்துவிடும். அந்தத் திருப்பத்தில் எனக்குள் எப்போதும் ஏதோ ஒன்று இளகும். ஒரே கூரையின் கீழ் மூன்று மாதம் இருந்தால் காலில் உளைச்சல் பிடிக்கிற ஆள் நான். ஐம்பதை நெருங்கியும் அது மாறவில்லை. மற்றவர்கள் வீடு நினைத்து ஏங்குவார்கள்; எனக்கு இன்னும் காலடி படாத தடங்களை நினைத்து ஏக்கம்.

அன்று போனது பயணம் அல்ல. பயணம் போக முடியுமா என்று பார்த்து வருவதற்கான பயணம். எட்டுப் பேர், மூன்று பகல், இரண்டு இரவு என்று திட்டம். நெடுங்கேணிக்குக் கிழக்கே, உழவு இயந்திரம் வைத்திருக்கும் முருகையாவின் காணியில் தொடங்கி, முந்தி மரம் ஏற்றும் லொறிகள் ஓடிய தடத்தால் காட்டுக்குள் இறங்கி, தண்ணிமுறிப்புக் குளத்தருகே வெளிப்பட்டு, குமுழமுனை தாண்டிக் கடலில் முடிக்க வேண்டும். நாலு மோட்டார் சைக்கிள்கள். அவற்றுக்குப் பின்னால் ஒரு உழவு இயந்திரம். அதன் பெட்டியில் தண்ணீர், அரிசி, சட்டி பானை, சைக்கிள் ஓட முடியாதவர்கள். ஆவணிப் பௌர்ணமியை நாளாகக் குறித்து, காட்டுக்குள் போவதற்கான அனுமதிக்கும் எழுதிக் கொடுத்திருந்தோம்.

இத்தனைக்கும் காரணம் ஜெசிந்தா அக்கா. அளம்பில் பக்கத்துக் கடற்கரையில் வீடு. கணவர் கடலுக்குப் போகிறவர். அக்கா கருவாடு போட்டுப் புதுக்குடியிருப்புச் சந்தைக்குக் கொண்டு வருவார். அங்கே கருவாடு வாங்கப் போய்ப் பழக்கமானேன். நான் காடு மேடெல்லாம் திரிகிற ஆள் என்று தெரிந்த ஒரு நாளில், தராசைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்:

"எனக்குக் கடல் தெரியும் தம்பி, களப்புத் தெரியும். ஆறு ஒண்டைத்தான் தெரியாது. அதுக்குள்ளால வந்தனான். ஆனாக் காணேல்லை."

அப்போது அவருக்கு ஏழு வயது. யுத்தத்துக்குப் பயந்து கடற்கரை ஊர் முழுவதும் ஓர் இரவில் எழும்பிக் காட்டுப் பக்கமாக நகர்ந்தது. உழவு இயந்திரப் பெட்டிக்குள் பதின்மூன்று பேர், மேலே தறப்பாள், விளக்குப் போடாமல் ஓட்டம். தாய் இவருடைய முகத்தை மடியில் அமர்த்திப் பிடித்திருந்தாராம். ஓரிடத்தில் வெளியே பெரிய இரைச்சல் கேட்டது. பெட்டிப் பலகையின் இடுக்கால் குளிர்ந்த தண்ணீர் ஏறிக் கணுக்காலை நனைத்தது. கடலாக்கும் என்று நினைத்து, திரும்பி ஊருக்கே வந்துவிட்டோம் என்று இவர் சந்தோஷப்பட்டிருக்கிறார். தாய் காதுக்குள் சொன்னது ஒரு சொல்தான்: "ஆறு." விடிந்தபோது நெடுங்கேணிப் பள்ளிக்கூடம்; வந்த வழி எங்கள் திட்டத்திலிருந்த அதே லொறித் தடம். பிறகு ஊர் திரும்பியது தார் வீதியால். அந்த இடத்தைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று அன்றிலிருந்து இருக்கிறது. யாரும் கேட்கவில்லை; அவரும் சொல்லவில்லை.

நெடுங்கேணிச் சந்தியில் எட்டு மணிக்கு இறங்கினேன். தேநீர்க் கடையில் பிளேன்ரீ ஐம்பது ரூபா. வாய்ப்பன் இன்னும் சூடாக இருந்தது. எட்டுப் பேரில் ஒருவனான பிரதீபன் வவுனியாவிலிருந்து தன் பெரிய மோட்டார் சைக்கிளில் எனக்கு முன்னரே வந்து, புழுதியைத் துடைத்துக்கொண்டிருந்தான். வங்கியில் வேலை செய்கிற முப்பது வயதுப் பொடியன். காட்டுத் தடங்களில் ஓடுவதற்கென்றே அந்தச் சைக்கிளை வாங்கி, இதுவரை வங்கிக்கு மட்டும் ஓடியவன். கொஞ்ச நேரத்தில் ஒட்டுசுட்டான் பக்கத்திலிருந்து வந்த பஸ்ஸால் ஜெசிந்தா அக்கா இறங்கினார். அவருக்கு முன்னால் மணம் இறங்கியது. முருகையா வீட்டுக்குக் கட்டாப்பாரைக் கருவாடு ஒரு பை நிறைய.

"அக்கா, இந்த மணத்துக்கு யானை வராதோ?" என்று பிரதீபன் கேட்டான்.

"யானை வராது. உம்மளை மாதிரிப் பூனையள்தான் வரும்" என்று சொல்லிக்கொண்டே அவனுடைய வாய்ப்பனில் பாதியைப் பிய்த்து எடுத்தார். முதல் சந்திப்பு அது. அதற்குப் பிறகு இருவருக்கும் நான் தேவைப்படவில்லை, தங்களுக்குள் கதைத்துக்கொண்டார்கள்.

முருகையாவின் காணி சந்தியிலிருந்து ஏழு கிலோமீற்றர். கடைசி இரண்டும் கிரவல்கூட இல்லாத செம்மண். அவருடைய தாய் தகப்பன் மலையகத் தோட்டமொன்றிலிருந்து இறங்கி வந்து இந்தக் காட்டோரத்தில் குடியேறியவர்கள். அவர் பிறந்தது இங்கே. கச்சான், மிளகாய், குளத்துக்குக் கீழே கொஞ்சம் நெல். மழைக்காலத்தில் விதைப்பு, மாசியில் அறுவடை; இடைப்பட்ட நேரத்தில் உழவு இயந்திரத்தோடு கூலி ஓட்டம். எங்கள் திட்டத்தைப் போன மாதம் கேட்டதும் ஒரே சொல்லில் ஒத்துக்கொண்டிருந்தார். ஆவணியில் தடம் எலும்பு மாதிரிக் காய்ந்திருக்கும், கண்ணை மூடிக்கொண்டு ஓட்டலாம் என்று சொன்னவரும் அவர்தான்.

ஒன்பது மணியளவில் காணியிலிருந்து உழவு இயந்திரம் புறப்பட்டது. நானும் அக்காவும் பெட்டிக்குள்; பிரதீபன் பின்னால் புழுதி குடித்தபடி. காடு தொடங்குகிற இடத்தில் ஒரு பாலை மரம். முருகையா இயந்திரத்தை நிறுத்தி, இறங்கி, இலைக் கொப்பொன்றை முறித்து அதன் தாழ்ந்த கிளையில் கொழுவினார். முன்னரே கொழுவியவை அங்கே காய்ந்து சருகாகித் தொங்கின. உள்ளே போகிறோம், பத்திரமாக வெளியே விடு என்று ஐயனாருக்குச் சொல்லிவிட்டுப் போகிற வழக்கம். ஜெசிந்தா அக்கா சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு, தானும் ஒரு கொப்பைக் கொழுவினார். இரண்டு இடத்திலும் சொல்லி வைக்கிறது நல்லதுதானே என்றார்.

பிறகு தடம் எங்களைக் குலுக்கத் தொடங்கியது. எங்கே வீரை மரம், எங்கே முதிரை மரம் என்று முருகையா திரும்பித் திரும்பிக் கத்திச் சொன்னார். இயந்திரச் சத்தத்தில் பாதி காற்றோடு போனது. வெயில் இலைகளுக்கூடாக நாணயம் நாணயமாக விழுந்தது. காய்ந்த காட்டுக்கு ஒரு மணம் இருக்கிறது, பழைய அலுமாரியைத் திறந்ததுபோல. நான் அதைக் குடித்துக்கொண்டிருந்தேன். எனக்கு எதிரே அக்கா பெட்டிப் பலகையை இரண்டு கையாலும் பிடித்தபடி, தலையை நீட்டி நீட்டி முன்னால் பார்த்தபடி இருந்தார். கடற்கரையில் தோணி வருகிறதா என்று பார்க்கிறவர்கள் அப்படித்தான் நிற்பார்கள்.

பதினொரு கிலோமீற்றர் போனபின் தடம் சரிந்து ஒரு வெண்மணல் வெளிக்குள் இறங்கியது. முருகையா நடு மணலில் இயந்திரத்தை நிறுத்தினார். சத்தம் அடங்கியதும் காடு காதுக்குள் வந்து உட்கார்ந்தது. இரண்டு கரையிலும் பெரிய மருத மரங்கள். மணலில் யானைக் காலடிகள், அகலமாக, அவசரமில்லாமல்.

அக்கா இறங்கினார். செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு மணலைக் கடந்து மறு கரைக்கு நடந்தார். பற்றையை விலக்கி அப்பால் பார்த்தார். பின் திரும்பிக் கேட்டார்:

"எங்க ஆறு?"

முருகையா கொஞ்சம் தடுமாறித்தான் பதில் சொன்னார். "நீங்க ஆத்துக்குள்ளாலதான் அக்கா நடந்து போனீங்க."

அவர் குனிந்து தன் கால்களைப் பார்த்தார். கணுக்கால்வரை ஒட்டியிருந்தது வெறும் மணல்.

முருகையா மருதங்கிளையில் தன் நெஞ்சு உயரத்தில் சிக்கித் தொங்கிய காய்ந்த புல்லைக் காட்டினார். வெள்ளம் கொண்டுவந்து மாட்டிவிட்டுப் போனது. மார்கழியில் அதுவரைக்கும் ஓடும், தைக்குப் பிறகு இப்படித்தான் கிடக்கும் என்றார். இங்கே ஆறு என்றால் அதுதான். அதைச் சொல்ல வேண்டிய விஷயமாக அவர் நினைக்கவேயில்லை. கடற்கரையில் பிறந்தவருக்கோ, தண்ணீர் இருந்த இடத்தில் இல்லாமல் போகும் என்பது எண்ணத்திலேயே இல்லை. இருவருக்கும் நடுவில் நின்றவன் நான். டீசலை விசாரித்தேன், நிலாவை விசாரித்தேன், யானையை விசாரித்தேன். நீங்கள் வந்தது எந்த மாதம் என்று மட்டும் அவரைக் கேட்கவில்லை. தடம் காய்ந்த காலத்தில் போவதுதான் காட்டுப் பயணம் என்று எல்லோரைப்போல நானும் நினைத்திருந்தேன்.

முருகையாவுக்கு மனம் கேட்கவில்லை. கரையோர மணலில் குந்தி, கையாலும் சிரட்டையாலும் தோண்டத் தொடங்கினார். முழங்கை ஆழத்தில் மணல் கறுத்தது; இன்னும் கொஞ்சம் தோண்ட நீர் கசிந்தது. கலங்கலை மூன்று நாலு தரம் இறைத்து ஊற்றிவிட்டுப் பொறுத்திருந்து, தெளிந்ததைச் சிரட்டையில் எடுத்து அக்காவிடம் நீட்டினார். அவர் இரண்டு கையாலும் வாங்கி முழுவதும் குடித்தார்.

"நல்ல தண்ணி" என்றார். சிரட்டையைத் திருப்பிக் கொடுத்து, "ஆனா இது இரையாது."

மருத மர நிழலில் இருந்து கதைத்தோம். ஆவணியில் போவதென்றால் எல்லாம் ஆயத்தம். பிரதீபன் லீவுகூட எடுத்துவிட்டான். மாரியில் போவதென்றால் மோட்டார் சைக்கிள்கள் சேற்றில் புதையும். மூன்று நாள் ஓட்டம் ஒரு நாளாகச் சுருங்கும். காட்டுக்குள் படுக்க ஈரமில்லாத இடம் கிடையாது. நாளும் குறிக்க முடியாது. மழை விட்டு இரண்டு மூன்று நாளில் வெள்ளம் முழங்கால் அளவுக்கு இறங்கும், அந்த இடைவெளிக்குள் பெட்டியைக் கொண்டுபோகலாம் என்றார் முருகையா. விதைப்பு முடிந்திருக்கும், இயந்திரமும் சும்மாதான் நிற்கும். ஆனால் அந்த இடைவெளி எப்போது வரும் என்று அவராலும் சொல்ல முடியாது. "ஆறு நம்ம லீவப் பாத்து வராது அண்ணே" என்றார் என்னைப் பார்த்து.

"நீங்கள் குறிச்ச நாளிலை போங்கோ" என்றார் ஜெசிந்தா அக்கா. "எனக்காக நிக்காதேங்கோ. நான் பாத்திட்டன்தானே."

அந்தப் 'பாத்திட்டன்' பொய் என்பது நாலு பேருக்கும் தெரியும். வெண்மணலில் ஆவணி நிலா எப்படி விழும் என்று ஒரு மாதமாகப் படுக்கையில் கிடந்து கற்பனை செய்திருந்தேன். விடச் சொன்னால் விடலாம். ஆனால் அதைச் சொல்லும் ஆள் நானாக இருக்க மனமில்லாமல் மணலைக் கிளறிக்கொண்டிருந்தேன்.

பிரதீபன்தான் சொன்னான். "நிலா மாதம் மாதம் வருது. நாங்கள் மாரிக்கே போவம், அக்கா."

"உம்மடை சைக்கிள் தாழும்."

"அதை வீட்டை விட்டிட்டு நானும் பெட்டிக்குள்ள வாறன். உங்கட கருவாட்டோட."

அக்கா சிரித்தார். சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார். கொஞ்ச நேரம் முகத்தை அதற்குள்ளேயே வைத்திருந்தார்.

மத்தியானம் முருகையா வீட்டில், சோற்றுக்கும் கருவாட்டுக் குழம்புக்கும் இடையில் திட்டத்தை முழுக்க மாற்றினோம். மற்ற நாலு பேரையும் தொலைபேசியில் பிடித்துக் கேட்டோம். மூன்று பேர் தங்களால் காத்திருக்க முடியாது, ஆவணியிலேயே போய்வருகிறோம் என்றார்கள். அதில் கோபமில்லை, தடத்தின் விவரமெல்லாம் கொடுத்தோம். மிச்சம் ஐந்து பேர். முதல் நாள் இரவு முருகையா வீட்டில். விடிந்து நன்றாக வெளிச்சம் வந்தபின் புறப்பாடு. ஆற்றைக் கடப்பது, மறு கரையில் தேநீர் வைப்பது, முடிந்தால் தண்ணிமுறிப்புவரை போவது, முடியாவிட்டால் திரும்புவது. பெட்டிக்குத் தறப்பாள் வேண்டுமா என்று முருகையா கேட்டார். மழை பெய்தாலும் வேண்டாம் என்றார் அக்கா. எட்டுப் பேர் மூன்று நாள் ஓடவிருந்த சாகசம் இப்போது ஒரு முழங்கால் தண்ணீராகிவிட்டது. போக வேண்டும் என்ற ஆசையோ எனக்கு முன்னைவிடப் பெருத்திருந்தது.

நாலரை மணி பஸ்ஸில் திரும்பினேன். புளியங்குளத்தில் காடு விலகியது. வவுனியாவில் என் வாடகை வீட்டில் குழாயைத் திறந்தால் தண்ணீர் வரும், மூடினால் நிற்கும். அதற்காக யாரும் ஏங்கியதில்லை. அன்றிரவு குழாயைத் திறந்து கால் கழுவியபோது, போகாத பயணத்தின் மணல்தான் தரையில் ஓடியது. இத்தனை வருடம் இடங்களைத் தேடித் தேடிப் போனேன். நான் போய்ச் சேர்ந்தால் போதும், இடம் அங்கே இருக்கும் என்று நம்பியிருந்தேன். இந்த முறை நாங்கள் ஆயத்தம். இடம்தான் இன்னும் வந்து சேரவில்லை.

இதை எழுதுவது ஐப்பசிக் கடைசியில். மூன்று நாளாகப் பின்னேரங்களில் வானம் கறுக்கிறது. முருகையா இரண்டு நாளைக்கொருமுறை ஆற்று மணலடிக்குப் போய்ப் பார்த்துவிட்டுத் தொலைபேசியில் எடுப்பார். நேற்று எடுத்தார்: "மணல் நனைஞ்சு கெடக்கு அண்ணே. ஓடல."

உடனே ஜெசிந்தா அக்காவுக்குத் தொலைபேசியில் எடுத்துச் சொன்னேன்.

"நனைஞ்சிட்டுதோ?" என்றார்.

ஓம், ஆனால் இன்னும் ஓடவில்லை என்றேன். அவருக்குப் பின்னால் கடல் இரைவது எனக்குக் கேட்டது.

"சரி தம்பி," என்றார், "நான் பையை அடுக்கி வைக்கிறன்."